வரி பிடித்த அக்கா

அந்த அக்கா யாரையும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் கல்லூரியில் அத்தனை பேரும் அவரைக் கண்டு நடுங்கியதற்குக் காரணம் அதுதான்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில், திராட்சைப் பந்தல்களை ஒட்டி இருந்தது அந்தத் தனியார் பொறியியல் கல்லூரி. நான் அங்கே கணித விரிவுரையாளர். அக்கா அலுவலகத்தில் சம்பளப் பிரிவு. ஆசிரியர்களின் சம்பளத்திலிருந்து வருமான வரியைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டுவது அவருடைய வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். உத்தமபாளையத்து ராவுத்தர் குடும்பம். முக்காடு நழுவாமல் இருக்கக் காதோரம் ஒரு ஊக்கு. மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு கொத்து பன்னீர் திராட்சை வைத்திருப்பார். பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக வாயில் போட்டு, பழைய தாளைச் சுருட்டிச் செய்த பொட்டலத்துக்குள் கொட்டையைத் துப்புவார்.

யார் என்ன தாளை நீட்டினாலும் மேலிருந்து கீழ்வரை நிதானமாக வாசிப்பார். ஒரு கேள்வி கேட்க மாட்டார். நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "சரி, நம்புறேன்" என்பார். நீட்டியவர் நிம்மதியாகப் போய்விடுவார். வினை அதற்குப் பிறகுதான். ஒன்றை நம்பியவர் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ, அக்கா அப்படியே நடந்துகொள்வார்.

சேர்ந்த புதிதில் என் சம்பளச் சீட்டில், சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி, அதாவது டி.டி.எஸ். என்று ஓர் இனம் இருந்தது. அதற்கு எதிரே ஒரு தொகை கழிந்திருந்தது. எனக்குக் கோபம். நேராக அக்காவிடம் போய், "வருஷமே இன்னும் முடியலையேக்கா. வருஷ வருமானம் எவ்வளவுன்னே தெரியாம எப்படி வரி பிடிச்சீங்க?" என்றேன்.

"தம்பி, கம்பத்துல இருந்து தேனிக்கு பஸ்ஸுல போயிருக்கீகளா?"

"போயிருக்கேன்."

"கண்டக்டர் தேனி வந்தப்பறமாக் காசு கேக்குறாரு? ஏறுன ஒடனே வாங்கிப்புடுறாருல்ல? எங்கன போறீகன்னு நீங்க சொல்றீக, அதுக்கு அவரு டிக்கெட் கிழிக்கிறாரு. இங்கனயும் அம்புட்டுத்தான். மார்ச்சு வரைக்கும் எம்புட்டு சம்பாதிப்பீகன்னு இப்பவே ஒரு கணக்குப் போட்டு, அதுக்குண்டான வரிய மாசத்துக்கு இம்புட்டுன்னு பிரிச்சு நான் கிழிக்கிறேன்."

"கூடப் பிடிச்சிட்டா?"

"சில்லறை இல்லைன்னா டிக்கெட்டுக்குப் பின்னால மீதிய எழுதித் தருவாருல்ல? எறங்குறப்ப கேட்டு வாங்கணும். வருஷம் முடிஞ்சு கணக்குத் தாக்கல் பண்றது அதுக்குத்தான். கேக்காம எறங்கிட்டா, போச்சு."

"குறைச்சுப் பிடிச்சிட்டா?"

"செக்கர் ஏறுவாரு" என்று சொல்லிவிட்டு ஒரு திராட்சையை வாயில் போட்டார்.

கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு வருமான வரி விளங்கியது அன்றுதான்.

விளங்கியதும் புத்தி வேறு பக்கம் போனது. கையில் வரும் சம்பளத்தைக் கூட்ட ஒரு வழி இருப்பதாக மூத்த விரிவுரையாளர்கள் காதோடு சொன்னார்கள். வாடகை கொடுப்பதாக ரசீது காட்டினால் வரி குறையும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கேட்பார்கள். அதனால் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் கீழே எழுத வேண்டும். எங்கள் கல்லூரியில் ஓட்டு வீட்டில் இருந்தவர், மாடி வீட்டில் இருந்தவர், சொந்த வீட்டில் இருந்தவர் எல்லோருக்கும் மாத வாடகை எட்டாயிரத்து முன்னூறு ரூபாய்தான்.

நானும் என் மனைவியும் மாமியார் வீட்டு மாடியில் குடியிருந்தோம். வாடகை என்ற பேச்சே கிடையாது. மாமியார் பெயரில் பன்னிரண்டு ரசீது எழுதி, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு ஜனவரியில் நீட்டினேன். அக்கா பன்னிரண்டையும் வாசித்தார்.

"மாமியாருக்கே வாடகையா? எம்புட்டு நல்ல மனசு தம்பி உங்களுக்கு. நம்புறேன்."

அடுத்த வாரம் சந்தைக்குப் போய் வந்த மாமியார் மத்தியானம் எனக்கு மீன் குழம்பு ஊற்றினார். ஊற்றிவிட்டுக் கரண்டியோடு அப்படியே நின்றார்.

"மாப்ளே, ஒங்க காலேஜு அம்மா ஒண்ணு என்னயச் சந்தையில நிறுத்தி, 'ஆத்தா, நீங்க குடுத்துவச்சவக, மாசம் பொறந்தா எட்டாயிரத்து முன்னூறு வாடகை கைக்கு வந்துருதாமே'ன்னு சொல்லுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வாடகையெல்லாம் குடுக்கிறீகளா நீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மீனைப் பார்த்தேன்.

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேனாம்ல. எனக்குக் கைநாட்டுத்தானம்மான்னேன். 'அப்ப மாப்ள ஒங்களுக்கு எழுதவும் சொல்லிக்குடுத்துட்டாரா, தங்கமான மாப்ள'ன்னு சொல்லிட்டுப் போகுது."

அந்த மாதத்திலிருந்து நான் வாடகை கொடுக்க ஆரம்பித்தேன். மிச்சமான வரி மாதம் நானூற்றுச் சொச்சம். கொடுத்த வாடகை எட்டாயிரத்து முன்னூறு. இந்தக் கணக்கை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

எனக்கு நடந்தது பரவாயில்லை. இயந்திரவியல் துறைத்தலைவர் பட்ட பாடு பெரும்பாடு. தன்னை நம்பியிருக்கும் தகப்பனாருக்கு இரண்டு காலும் நடக்க வராது, அதற்காக வரியில் கழிவு வேண்டும் என்று எங்கிருந்தோ ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்கிவந்து கொடுத்தார். அதை வாசித்த அக்காவின் கண் கலங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

"ரெண்டு காலுமா சார்? இத்தன நாளா ஒரு வார்த்தை சொல்லாம மனசுக்குள்ளயே வச்சிருந்தீகளே."

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் உள்ள தொண்டு சங்கத்தார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, ஒரு புதுச் சக்கர நாற்காலியையும் சந்தன மாலையையும் வேனில் ஏற்றிக்கொண்டு, பண்ணைப்புரத்துப் பக்கம் இருந்த துறைத்தலைவரின் தோட்டத்துக்கே போய்விட்டார். பெரியவர் அப்போது தென்னை மரத்து உச்சியில் இருந்தார். கீழே நாற்காலியையும் மாலையையும் பார்த்துவிட்டு, "ஏலே, இங்கன யாருக்குலே காலு போச்சு?" என்று மேலிருந்தே சத்தம் போட்டாராம். விஷயம் விளங்கியதும் விறுவிறுவென்று இறங்கி, மகனைத் தேடி வீட்டுக்குள் போனாராம். அதற்குமேல் என்ன நடந்தது என்று துறைத்தலைவர் யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சக்கர நாற்காலி வீணாகவில்லை. அந்தத் தோட்டத்துக்கு அடுத்த தெருவில் நிஜமாகவே நடக்க முடியாத ஒரு பெண் இருந்தாள். அக்கா அவள் வீட்டுக்கு வழி கேட்காமல் நேராகப் போனார் என்று வேன்காரர் சொன்னார்.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "அக்கா, நிஜமாவே நம்புறீங்களா, இல்ல நம்புற மாதிரி..."

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "படிச்ச மனுசரு கையெழுத்துப் போட்டுத் தர்றாரு தம்பி. அத நம்பாம இருக்கறதுக்கு நான் யாரு?" முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். சிரிக்க முடியாத ஒன்று நான்காவது வருடம் வந்தது.

விடுதி மெஸ்ஸில் ஏழு பெண்கள் சமைத்தார்கள், நாலு பேர் கூட்டிப் பெருக்கினார்கள். அவர்கள் சம்பளம் அக்காவின் மேசைக்கு வராது. தாளாளரின் மச்சினர்தான் விடுதி மேலாளர். அவரே ரொக்கமாகக் கொடுத்து, கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் தருவார். சமையல்கார அம்மாக்களில் மூத்தவர் ஒரு நாள் அந்தச் சீட்டோடு அக்காவைத் தேடி வந்தார். நான் அப்போது என் வருஷக் கணக்கைக் காட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"இங்க பாரும்மா, டி.டி.எஸ்னு மாசம் ஐநூறு பிடிக்கிறாக. மூணு வருஷமாப் பிடிக்கிறாக. கேட்டா, கவர்மெண்டுக்குங்கிறாக. பிள்ளைக படிச்சுப் பாத்துட்டு டீ-ன்னு இருக்குன்னு சொல்லுதுக. சத்தியமாச் சொல்றேன், மாசம் ஐநூறு ரூவாய்க்கு நாங்க டீ குடிக்கிறதே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தார். சம்பளம் ஏழாயிரத்து ஐநூறு. வருமான வரி அந்தச் சம்பளத்தின் வாசலைக்கூட மிதிக்காது. அவர்களிடம் ஒரு பைசா பிடிக்க வேண்டியதில்லை. பிடித்த பணம் எங்கே போயிருக்கும் என்பது எனக்கே தெரிந்தது. அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் ரொம்ப நேரம் துடைத்தார்.

"பதினோரு பேருக்குமா?"

"எல்லாத்துக்குந்தான்."

"நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. "நீங்க பஸ்ஸுலயே ஏறல, ஒங்களுக்கு டிக்கெட்டக் கிழிச்சுப்புட்டாக. தாளாளர் ஐயா பிடிச்சாகன்னா கட்டியிருப்பாக. கட்டியிருந்தா அம்புட்டும் கவர்மெண்டு திருப்பித் தரும். கேட்டு வாங்கிருவோம்."

அந்த வாரம் முழுக்க மத்தியானப் பந்தி முடிந்ததும் மெஸ்ஸில்தான் எங்களுக்கு வேலை. பதினோரு பேருக்கும் பான் அட்டை விண்ணப்பம். எழுதியது நான்; அக்கா சொல்லியிருந்தார், மறுக்க முடியவில்லை. புகைப்படத்துக்காக உத்தமபாளையத்து ஸ்டுடியோவுக்கு எல்லோரும் பூ வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண், தன் படத்தை இப்படித் தனியாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்டைகள் வந்து சேர்ந்த மறுநாள் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனார். அவர் வெள்ளைச் சட்டையில், சந்தனப் பொட்டோடு, செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மெஸ் பொம்பளைகளுக்கு டி.டி.எஸ். பிடிச்சிருக்கீக."

"அதெல்லாம் மச்சினன் பாத்துக்கிறது. கட்டியாச்சு."

"நம்புறேன்யா" என்றார் அக்கா. சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. "நீங்க கட்டாம இருப்பீகளா? அதான், கட்டுன சலான் நம்பர் மட்டும் குடுத்தீகன்னா, அதுகளுக்குத் திரும்ப வாங்கிக் குடுத்துருவேன்."

"தேடிப் பாக்கணும்மா. இப்ப என்ன அவசரம்?"

"அவசரமே இல்லய்யா. இன்னொரு சின்ன வேலை. இந்தக் கடுதாசில பிழை எதுவும் இருக்கான்னு ஒரு வாட்டி பாத்துருங்க."

ஒரு தாளை மேசையில் வைத்தார். நான் முன்னால் அதைப் பார்த்திருக்கவில்லை. வருமான வரி அலுவலகத்துக்கு எழுதிய பாராட்டுக் கடிதம் அது. ஏழாயிரத்து ஐநூறு ரூபாய் சம்பளக்காரர்களிடமும் மாதம் ஐநூறு வரி பிடித்து, நாட்டுக்குத் தவறாமல் கட்டிவரும் இப்படி ஒரு தாளாளரை எங்கும் பார்க்க முடியாது, அவரை அழைத்துக் கௌரவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே பதினோரு பெயர், பதினோரு பான் எண், ஒவ்வொருவரிடமும் பிடித்த தொகை. நாலு கையெழுத்து, ஏழு பெருவிரல் ரேகை.

தாளாளர் ஒரு தடவை வாசித்தார். பின்பு முதலிலிருந்து வாசித்தார். மின்விசிறி அதன் முழு வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"இது போயிருச்சா?"

"ஒங்களக் கேக்காமயா? சாயங்காலம் ரெஜிஸ்டர் தபால்ல போடலாம்னு இருக்கேன். நெசமாவே கூப்பிட்டு மாலை போடுவாகய்யா."

"நாலு நாள் பொறும்மா" என்றார் தாளாளர். அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் கல்லூரி அரங்கில் மேடை போட்டார்கள். மெஸ் ஊழியர்களுக்கும் துப்புரவு ஊழியர்களுக்கும் தாளாளர் தன் சொந்தப் பொறுப்பில் ஊக்கத்தொகை வழங்குகிறார் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஒவ்வொரு உறையிலும் பதினெட்டாயிரம். மூன்று வருடப் பிடித்தம், ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூத்த சமையல்கார அம்மா உறையை வாங்கிக்கொண்டு, ஒலிபெருக்கி பக்கத்தில் இருப்பது தெரியாமல், "டீக்காசுதானங்கய்யா இது?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. அக்கா எழுந்து நின்று எல்லோரையும்விட அதிக நேரம் தட்டினார்.

இதற்கு விலை இல்லாமல் போகுமா? ஜூன் மாதம் எல்லோருக்கும் பணி நீட்டிப்பு வந்தது, அக்காவைத் தவிர. நிர்வாகக் காரணம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தார்கள். அவருடைய மகள் மதுரையில் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நிலையான சம்பளம் என்றால் அக்காவுடையதுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு மனு எழுதலாம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். கையெழுத்துப் போடப் பேனாவை முதலில் எடுக்க ஆள் இல்லை. நானும் எடுக்கவில்லை. அவருடைய வேலையைக் கூடுதல் பொறுப்பாக என் தலையில் கட்டினார்கள். அதையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

கடைசி நாள் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகக் காட்டினார்.

"பிடிக்கிறது பெரிசில்ல தம்பி. பிடிச்சத அடுத்த மாசம் ஏழாம் தேதிக்குள்ள கட்டிரணும். ஒருத்தர் காசு ஒரு நாள்கூட நம்ம கையில தங்கப்பிடாது."

"மனு எழுத நினைச்சோம்க்கா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. வெளியே போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்தவர், அதைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தார். மெஸ் பெண்கள் பின்வாசல் வழியாக ஓடிவந்து வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சன்னலை விட்டு நான் நகரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

அடுத்த வருடம், தாளாளரின் சொந்த வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யும் நேரம் வந்தது. வழக்கமாகப் பார்க்கும் ஆடிட்டர் ஓய்வு பெற்றிருந்தார். தேனியில் அவருடைய இடத்தை வேறொருவர் எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் காரில் போனேன். வழியெல்லாம் தாளாளர் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். எந்தத் தாளுக்கும் கேள்வி கேட்காத ஆடிட்டராம், விசாரித்து வைத்திருந்தார்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். முதல் மேசையில், முக்காட்டை ஊக்கால் குத்திக்கொண்டு, அக்கா உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்கய்யா, வாங்க! தம்பி, நல்லா இருக்கீகளா? மக பாஸாயிட்டா, மதுரையிலயே ஆஸ்பத்திரில சேந்துட்டா." குரலில் ஒரு துளி வருத்தம் இல்லை. "ஆடிட்டர் சார் உள்ள இருக்காக. வர்ற ஃபைல முழுசா வாசிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்துறது நாந்தான். குடுங்கய்யா."

கையை நீட்டினார். நான் ஃபைலைக் கொடுக்கப் போனேன்.

"ஒரு நிமிஷம்மா" என்று தாளாளர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மடியில் விரித்து, எச்சில் தொட்டுப் புரட்டி, நடுவிலிருந்து நாலு தாளை உருவி, எட்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மெதுவாப் பாருங்கய்யா" என்றார் அக்கா, அவருக்கு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றியபடி. "நமக்கு என்ன அவசரம்?"

தாளாளர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்து, ஐந்தாவது தாளையும் உருவினார்.